பிள்ளையை நடுவில் வைக்கும் பள்ளி: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் பக்கத்தில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எங்கே நடந்தாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி வருகின்றன. "ஒரு தொண்டு நிறுவனம் வந்திருக்கு, பள்ளிக்கூடத்தையே மாத்திக் காட்டுறேங்குது, சரின்னு சொல்லலாமா?" என்பதில் பேச்சு தொடங்கும். பெற்றோர், ஆசிரியர், வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் எனப் பலரும் கேட்டதை அவர்கள் கேட்டபடியே கீழே எழுதிப் பதில் தந்திருக்கிறேன்.

"மாணவர் மையக் கல்வின்னா என்ன சார்? பிள்ளைக இஷ்டத்துக்கு விட்டுடுறதா?"

இல்லை. அப்படிப்பட்ட வகுப்பில் ஆசிரியருக்கு வேலை கூடுதல். மூன்றாம் வகுப்பில் இருபது பேர் இருந்தால், யார் எழுத்துக் கூட்டுகிறார், யார் சரளமாக வாசிக்கிறார், யாருக்குக் கழித்தலில் கடன் வாங்குவது இன்னும் பிடிபடவில்லை என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொருவரையும் நகர்த்த வேண்டும். பாடப்புத்தகத்தின் இருபதாம் பக்கத்தில் எல்லாரும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு நடத்துவது சுலபம். ஆனால் பிள்ளைகள் அங்கே இருக்க மாட்டார்கள்.

முழுமையான வளர்ச்சி என்பது இதோடு சேர்ந்தது. பசியோடும் பயத்தோடும் வந்த பிள்ளைக்கு, பக்கத்தில் உட்கார யாரும் இல்லாத பிள்ளைக்குப் பாடம் ஏறாது. உடம்பு, மனசு, கைவேலை, விளையாட்டு, பாட்டு, நட்பு எல்லாமே பள்ளியின் பொறுப்பு. சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவு, குழந்தையின் முழு வளர்ச்சி, செய்து பார்த்துக் கற்பது, அச்சமில்லாத சூழல், கூடிய மட்டும் தாய்மொழி வழி என்று வரிசையாகப் பேசுகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும் நான் கல்விச் சீர்திருத்தமாகவே பார்க்கிறேன்.

"இது வெளிநாட்டுக்காரன் சொல்ற முறைதானே? நம்ம ஊருக்குச் சரிப்படுமா?"

பிள்ளை தானே செய்து பார்த்துக் கற்கும் முறையை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. அதில் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கினார். அந்தக் காலத்தில் அவரிடம் பயிற்சி பெற்ற இந்திய ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல். காந்தி 1937-ல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையும் படிப்பையும் சேர்த்தது. அந்த வழியில் 1947-ல் சின்னாளபட்டி பக்கம் காந்திகிராமம் எழுந்தது. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் நிறுவிய வளாகத்திலும் மாண்டிசோரி பெயரில் பள்ளி உண்டு. ஆக, நம் பக்கத்துக்கு இது புதிய சங்கதி இல்லை.

வெளிநாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளவும் நல்லவை இருக்கின்றன. அமெரிக்காவில் ஜேம்ஸ் கோமர் என்ற மனநல மருத்துவர் 1968-ல் நியூ ஹேவன் நகரின் இரண்டு பள்ளிகளில், பெற்றோரையும் ஆசிரியரையும் மனநலம் தெரிந்தவரையும் ஒரே குழுவில் உட்கார வைத்து வேலையைத் தொடங்கினார். பிள்ளை பிரச்சினை செய்கிறது என்றால் அதன் வீட்டையும் வகுப்பையும் சேர்த்துப் பார் என்பது அவர் வழி. அதற்கு ஊர் எதுவானால் என்ன?

"இந்த அமைப்புகள் பள்ளிக்கு வந்து அப்படி என்னதான் செய்யும்?"

எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஆந்திராவின் மதனப்பள்ளி பக்கம் உள்ள ரிஷிவேலியின் கிராமக் கல்வி மையம், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்கும் சிறு பள்ளிகளுக்காக, பிள்ளை தானே எடுத்துப் படிக்கும் பாட அட்டைகளை உருவாக்கியது. மத்தியப் பிரதேசத்தில் 1972-ல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தை 1982-ல் உருவான ஏகலவ்யா அமைப்பு எடுத்து நடத்தியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சோதனை செய்து பார்த்தே அறிவியல் படித்தார்கள். 1995-ல் மும்பையில் தொடங்கிய பிரதம், வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை வகுப்புப்படி பிரிக்காமல் நிலைப்படி பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறது. பெங்களூரில் 1999-ல் தொடங்கிய டிரீம் எ டிரீம் மனசைக் கவனிக்கிறது. டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018-ல் வந்த மகிழ்ச்சி வகுப்பில் அதற்கும் பங்கு உண்டு. நமக்குப் பக்கத்தில் என்றால் தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 1987 முதல் 'துளிர்' சிறுவர் அறிவியல் மாத இதழ் அவர்களுடையது.

இவற்றை மூன்று வகையாகப் பார்க்கலாம். ஆசிரியரோடு வேலை செய்பவை, கற்றல் பொருள் தருபவை, பிள்ளைகளோடு நேரடியாக வேலை செய்பவை. முதல் வகைதான் நிலைக்கும் என்பது என் கருத்து. பிள்ளையோடு ஆண்டு முழுவதும் இருப்பவர் ஆசிரியர். அவர் கை பலப்படாமல் வெளியாள் செய்கிற எதுவும் அந்த வெளியாளோடு போய்விடும்.

"எங்க பள்ளியில முன்னாடி அட்டை, ஏணிப்படி எல்லாம் இருந்துச்சே. அதுதானா இது? அப்புறம் ஏன் காணாமப் போச்சு?"

அதேதான். செயல்வழிக் கற்றல். மேலே சொன்ன ரிஷிவேலி அட்டை முறையைப் பார்த்துவிட்டுவந்து, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். 2007-08-ல் மாநிலம் முழுக்க ஒன்று முதல் நான்கு வகுப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வகுப்பறை இப்போதும் பலருக்கு ஞாபகம் இருக்கும். சுவரைச் சுற்றித் தரையோடு ஒட்டிய கரும்பலகை, அதில் ஆளுக்கொரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்த படங்கள் தொங்கும். காலையில் வந்ததும் பிள்ளையே தன் வருகையைக் குறிக்கும். பாடங்களைப் படிப்படியாக வரைந்த ஏணிப்படிப் படத்தில் தன் படி எது என்று பார்த்து, அந்தச் சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொண்டு குழுவில் போய் உட்காரும். நான்கு நாள் காய்ச்சலில் கிடந்து திரும்பிய பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடரலாம். எந்தப் பாடமும் அதைத் தாண்டிப் போயிருக்காது. இதற்காகவே எனக்கு அந்த முறை மேல் பெரிய மதிப்பு உண்டு.

ஏன் தளர்ந்தது? சில பள்ளிகளில் பொறுமையாக வளர்ந்த ஒன்றை மாநிலம் முழுமைக்கும் ஒரே வீச்சில் கொண்டுபோனார்கள். கிழிந்த அட்டைக்குப் பதில் அட்டை உடனே வராது. ஏன் இப்படிச் செய்கிறோம் என்பது ஆசிரியருக்குப் புரியும் முன்னரே ஆய்வுக்கு அதிகாரி வந்துவிடுவார். "புத்தகத்தையே காணோம், என்ன படிக்கிறான்?" என்ற வீட்டாரின் கேள்விக்கும் யாரும் உட்கார்ந்து பதில் சொல்லவில்லை. பிறகு முறை எளிமையாக்கப்பட்டது, புத்தகம் மறுபடி முன்னால் வந்தது. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பதைப் பார்த்தால் அந்த வேர் காயவில்லை என்று தெரியும். எந்த அமைப்பு வந்தாலும் இந்தக் கதையை அவர்களிடம் சொல்லி, நீங்கள் இதை எப்படித் தவிர்ப்பீர்கள் என்று கேளுங்கள்.

"இதெல்லாம் சரி. பத்தாவதுல மார்க் வருமா?"

மார்க் கூட்டித் தருகிறோம் என்று உறுதி சொல்லும் அமைப்பை நம்பாதீர்கள். நேர்மையாகச் சொல்ல முடிந்தது இதுதான்: பத்தாம் வகுப்பில் தோற்கும் பிள்ளைகளில் பலரும் அங்கே வந்து தோற்றவர்கள் இல்லை. நான்காம் வகுப்பில் ஒரு பத்தி வாசிக்கத் திணறியபோதே அவர்கள் தோற்கத் தொடங்கிவிட்டார்கள். ஆறு ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. அதனால் இந்த வேலையை ஒன்று முதல் ஐந்து வகுப்புக்குள் தொடங்குங்கள். ஒன்பது, பத்தில் வந்து தலைகீழாக மாற்றுகிறேன் என்றால் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் திண்டாட்டம்தான்.

"வீட்டுப்பாடமே குடுக்க மாட்டேங்குறாகளே, பிள்ளை கெட்டுப் போயிராதான்னு அப்பத்தா கேக்குறாக."

அப்பத்தாவையே உட்காரச் சொல்லி, இன்றைக்குப் படித்ததைப் பேரப்பிள்ளை வாசித்துக் காட்டட்டும். பதிலுக்கு அவர் ஒரு கதை சொல்லட்டும். தொடக்க வகுப்புக்கு அந்த வீட்டுப்பாடம் போதும்.

"அடிக்காம எப்படி டீச்சர் அடங்குங்க? நாங்கெல்லாம் அடி வாங்கித்தானே படிச்சோம்?"

கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவு, அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடை செய்கிறது. "நாலு போடு போடுங்க டீச்சர், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று பெற்றோரே அனுமதி கொடுத்தாலும் அது செல்லாது.

பதிலுக்கு என்ன செய்வது என்று ஆசிரியர் கேட்பது நியாயம். நல்ல அமைப்பு இங்கேதான் உதவ வேண்டும். காலையில் பத்து நிமிடம் வட்டமாக உட்கார்ந்து நேற்று வீட்டில் நடந்ததைப் பேசவிடுவது. வகுப்பின் விதிகளைப் பிள்ளைகளே எழுதி ஒட்டுவது. ஓயாமல் எழுந்து திரியும் பிள்ளையிடம் பொருள்களை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பைத் தருவது. சத்தம் ஓரளவு இருக்கத்தான் செய்யும், வேலை செய்கிற வகுப்பு அப்படித்தான். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1098, பள்ளி சம்பந்தப்பட்ட உதவிக்கு 14417. இரண்டு எண்களும் எல்லாப் பிள்ளைகளும் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும்.

"நான் ஒருத்தி, ரெண்டு வகுப்பு. பிள்ளைக விவரத்தை அரசுத் தளத்துல ஏத்துற எமிஸ் பதிவு வேற. இதுல புதுசா ஒரு அமைப்பு வந்து பயிற்சின்னா எப்படி?"

இந்தக் கேள்வியைக் கேட்பவரைச் சோம்பேறி என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சட்டப்படி தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். கணக்குப்படி அது சரியாக இருக்கும். ஆனால் அந்த முப்பது பேரும் மூன்று வகுப்பில் இருப்பார்கள்.

அமைப்போடு பேசும்போது தலைமை ஆசிரியர் இரண்டு நிபந்தனை வைக்கலாம். ஒன்று, புதிதாக ஒரு பதிவேடும் ஒரு செயலியும் வரக் கூடாது. அவர்களுக்குத் தகவல் வேண்டுமென்றால் அவர்களே எழுதிக்கொள்ளட்டும். இரண்டு, பயிற்சி மண்டபத்தில் வேண்டாம், வகுப்பில் வேண்டும். அவர்கள் ஆள் வாரம் ஒரு நாளாவது வந்து, பாதி வகுப்பைத் தானே எடுத்துக் காட்டிவிட்டு, பிறகு உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநரையும் அதில் சேர்த்துக்கொண்டால், அமைப்பு சொல்வதும் துறை சொல்வதும் முரண்படாது.

"எம்மகனுக்குப் பேச்சு சரியா வராது. இந்த மாதிரிப் பள்ளியில அவனைச் சேத்துக்குவாகளா?"

சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும், அது அவன் உரிமை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுக்கிறது. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், அவரைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். இயன்முறை சிகிச்சை தேவை என்றாலும் அங்கேதான் கேட்க வேண்டும்.

"முழுமையான வளர்ச்சி" என்று பேசும் அமைப்பைச் சோதிக்க உங்கள் மகன்தான் சரியான அளவுகோல். அவனுக்காக வகுப்பில் எதை மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். வாயால் சொல்ல முடியாததைப் படம் காட்டியோ அட்டை எடுத்தோ சொல்ல வழி செய்கிறோம் என்றால் நல்ல பதில். கடைசி வரிசையில் உட்காரட்டும், பார்த்துக்கொள்கிறோம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

"ஆத்தங்குடி, கீழடின்னு நம்மகிட்ட இவ்வளவு இருக்கு. இதையெல்லாம் பாடமா ஆக்க முடியாதா?"

முடியும். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆத்தங்குடியில் தரைக்கான பூக்கல் செய்யும் ஒரு பட்டறைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். கீழே கண்ணாடித் தகடு, சுற்றி இரும்புச் சட்டம், உள்ளே பூ வடிவ அச்சு. தொழிலாளி அச்சின் அறைகளில் கரண்டியால் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை மெதுவாகத் தூக்குகிறார். மேலே சிமெண்டும் மணலும் தூவி, பின்பக்கத்தைக் கெட்டியாக நிரவுகிறார். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியை எடுத்ததும் முகம் பளபளவென்று வருகிறது, அதற்குத் தனி மெருகு கிடையாது. "ஏன் பளபளக்குது?" என்று பிள்ளை கேட்டால் அறிவியல் வகுப்பு தொடங்கிவிட்டது. கால்வாசிப் பூ உள்ள நான்கு கல் சேர்ந்தால் முழுப்பூ என்பது பின்னமும் சமச்சீரும். கையில் அளவுகோல் கொடுத்து, நம் வகுப்பறைக்கு எத்தனை கல் வேண்டும், என்ன செலவாகும் என்று கேட்டால் பரப்பளவுப் பாடம் முடிந்துவிடும். தொழிலாளி அன்றைக்கு ஆசிரியர். அவருடைய பிள்ளை அதே வகுப்பில் இருந்தால், அன்று அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

பனையோலைக் கொட்டான் முடைவதில் எண் வரிசை இருக்கிறது. ஊருணிக்கு வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது என்று நடந்து போய்ப் பார்த்து வரைந்தால் அது புவியியல். பர்மா, மலேயாவுக்குப் போன கதை வீட்டுக்கு வீடு இருக்கிறது, பெரியவர்களைக் கேட்டு எழுதலாம். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பானை ஓட்டில் 'ஆதன்' என்று பெயர் கீறியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, உடைந்த சட்டித் துண்டில் தன் பெயரைத் தமிழி என்ற அந்தப் பழைய எழுத்தில் ஒரு பிள்ளை கீறிப் பார்த்தால், அது மறக்காது. பேருந்தில் போய் வரிசையாக நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது மட்டும் போதாது. போகும் முன் பிள்ளைகளிடம் கேள்வி இருக்க வேண்டும், வந்த பின் செய்ய ஒரு வேலை இருக்க வேண்டும்.

"நான் சிங்கப்பூர்ல இருக்கேன் அண்ணே. படிச்ச பள்ளிக்கு ஒரு கட்டடம் கட்டிக் குடுத்துரலாம்னு இருக்கேன்."

கொடுக்கும் மனசு இந்த மண்ணில் குறைவில்லை. அழகப்பர் 1947-ல் கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்த மரபில் வந்த நம்மவர்களுக்குக் கொடை என்றாலே கட்டடம்தான் முதலில் தோன்றுகிறது. முதலில் தலைமை ஆசிரியரிடம் கழிப்பறை, தண்ணீர், சுற்றுச்சுவர் நிலவரத்தைக் கேளுங்கள். அவை இல்லாவிட்டால் அதைச் செய்யுங்கள். அவை இருந்தால், கட்டடத்துக்கு வைத்த பணத்தில் ஒரு பங்கை வகுப்பறை வேலைக்கு ஒதுக்குங்கள். ஒரு நல்ல அமைப்பின் ஆள் அந்தப் பள்ளிக்கும் பக்கத்துப் பள்ளிகளுக்கும் மூன்று ஆண்டுகள் வாராவாரம் வந்து போக ஆகும் செலவு, படிக்கத் தூண்டும் கதைப் புத்தகங்கள், கிழிந்ததை மாற்றிக்கொண்டே இருக்க ஒரு சிறு தொகை. இதற்குக் கல்வெட்டு கிடையாது. ஆனாலும் செய்யுங்கள்.

பணம் அனுப்பும் வழி: அரசுப் பள்ளிக்கென்றே 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது. தனி அறக்கட்டளைக்குத் தருவதானால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தியக் குடியுரிமையோடு இருந்து சொந்தச் சேமிப்பை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டீர்கள் என்றால் ஆகும். அப்போது வாங்கும் அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இருக்க வேண்டும்.

"எந்த அமைப்பு நல்லது, எது சும்மா போட்டோ எடுக்க வருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

காகிதம் முதலில். பதிவுச் சான்று, வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி சான்றுகள், தொண்டு நிறுவனங்களுக்கான அரசின் தர்பண் தளத்தில் பதிவு, பள்ளிக்குள் வேலை செய்யக் கல்வித் துறையின் அனுமதி. இவை எல்லாம் இருந்தாலும் வேலை தெரிந்தவர்கள் என்று ஆகிவிடாது. அதனால், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர்கள் வேலை முடித்துக் கிளம்பிய ஒரு பள்ளியின் பெயரைக் கேட்டு, சொல்லாமல் ஒரு நாள் அந்தத் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். அங்கே எது இன்னும் நடக்கிறதோ அதுதான் இவர்கள் உங்களுக்கும் தரப்போவது.

பிள்ளைகளின் பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள். வருபவர் யார் என்ற விவரம் பள்ளியில் இருக்க வேண்டும். பிள்ளையோடு யாரும் தனியறையில் இருக்கக் கூடாது. பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையின் முகம் எந்த விளம்பரத்திலும் வரக் கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம் பற்றித் தங்கள் ஆட்களுக்கு என்ன பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். தயங்கினால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

"ஒரு தனியார் பள்ளி முழுமைக் கல்வின்னு போர்டு வச்சிருக்கு. நம்பலாமா?"

ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குப் பிள்ளைக்கோ உங்களுக்கோ தேர்வு, நேர்காணல் வைக்கிறார்களா? கல்வி உரிமைச் சட்டம் 13-வது பிரிவுப்படி அது கூடாது. அந்த வாசலிலேயே பதில் தெரிந்துவிடும். வைக்கவில்லை என்றால், வகுப்பு நடக்கும்போது கால் மணி நேரம் பின்னால் உட்கார அனுமதி கேளுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

"மேலாண்மைக் குழுவுல நான் தலைவி. ஆனா கையெழுத்துப் போடுறதோட சரி. இதுல எனக்கு என்ன வேலை இருக்கு?"

நிறைய இருக்கிறது. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே வைத்திருப்பது உங்கள் குரல் வேண்டும் என்றுதான். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவது குழுவின் வேலை. அமைப்பு ஒன்று வந்தால் தலைமை ஆசிரியரோடு மட்டும் பேசிவிட்டுப் போகாமல் உங்கள் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். மேலே சொன்ன கேள்விகளை அங்கே கேட்டு, பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்து.

பலன் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் பெரிய ஆய்வு தேவையில்லை. ஜூன் மாதத்திலும் பிப்ரவரியிலும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரே மாதிரி ஒரு சிறு கதையை வாசிக்கட்டும். நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள். திங்கட்கிழமை வராத பிள்ளைகள் குறைந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

"எங்க பள்ளியில இருக்கிறதே பன்னெண்டு பிள்ளைக. காரைக்குடியிலேர்ந்து வேன் வந்து மத்த பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போயிருது. மூடிருவாகன்னு பேச்சு. இதுக்குப் போய் இதெல்லாம் தேவையா?"

உங்கள் பள்ளிக்குத்தான் முதலில் தேவை. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. அது மூடினால் வேனுக்குக் கொடுக்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளைதான் முதலில் நிற்கும். பன்னிரண்டு பேர், ஐந்து வகுப்பு, ஓரிரு ஆசிரியர் என்ற நிலைமைக்காகவே ரிஷிவேலி அட்டைகள் பிறந்தன. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும். ஆசிரியருக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். கட்டணம் வாங்கும் பெரிய பள்ளிகளால் வாங்க முடியாத வசதி இது.

ஆனால் பன்னிரண்டு பேருக்கென்று தனியாக எந்த அமைப்பும் வராது. பக்கத்துச் சிறு பள்ளிகள் நான்கைந்து சேர்ந்து ஒரே கோரிக்கையாக வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுங்கள். மாதம் ஒரு நாள் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் கூடி விளையாடவும் நாடகம் போடவும் செய்யட்டும். நண்பர்கள் இல்லை என்ற குறை தீரும். ஆங்கிலத்துக்காகத்தான் வேன் ஏறுகிறார்கள் என்றால் அதை மறைக்காமல் பேசி, அமைப்பிடம் ஆங்கிலத்தில் பேசப் பழக்கும் வேலையை முதலில் கேளுங்கள். அப்புறம், பிள்ளைகள் வாசிப்பதை ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு சாயங்காலம் எல்லாரும் கேட்கும்படி செய்யுங்கள். அரசுப் பள்ளிச் சேர்க்கை இப்போதெல்லாம் மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த வாசிப்பையும் வீடு வீடாகப் போய்ப் பேசுவதையும் பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள்.